சீரியல் நேரத்து அளவு

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே காற்று. பழைய தங்கச் சுரங்கத்தின் சயனைடு மேட்டுத் தூசி ஜன்னல் கம்பி வரை. இரண்டு முறை துடைத்தாயிற்று.

மகள் ரேவதிக்கு ஆபீஸிலிருந்து மறுபடி மெயில். மாலை ஏழு மணிக்கு வெளிநாட்டுக்காரர்களுடன் பேசும்போதெல்லாம் இன்டர்நெட் அறுந்து போகிறதாம். இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் தினமும் பெங்களூர் வர வேண்டும். கடைசி ரயில் பிடித்து வந்தால் பேத்தி தூங்கியிருப்பாள். அவள் விழிக்கும் முன் மறுபடி ரயில். ரேவதி சப்பாத்தி மாவை அடித்துப் பிசைந்தாள்.

நெட் கொடுக்கும் பிரகாஷ், வாசலில் நின்றே: "ஆளுக்கொரு ஆப்ல பாத்துட்டு ஆளுக்கொரு நம்பர் சொல்றீங்க சார். ஒருத்தர் வாசல்ல நின்னு பாக்கறாரு, ஒருத்தர் பாத்ரூம்ல. நான் இன்னாத்த நம்பறது? எல்லா வூட்லயும் ஒரே மாதிரி அளந்து குடுங்க. கொறஞ்சா நானே சரி பண்ணித் தரேன்."

நியாயம்தான். பாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன். அளக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயம். இரும்பை அளந்தவனுக்கு இது வருமா?

மார்ச் 4, புதன்

விதிகள். பலமுறை அடித்துத் திருத்தி:

– ஒரே லேப்டாப். வைஃபை கூடாது, ஒயர் மட்டும்.
– நாளுக்கு இரண்டு வீடு, மாலை ஏழை ஒட்டி.
– வேகம் மட்டும் போதாது. தகவல் போய்த் திரும்பும் தாமதம், வழியில் தொலைவது, இரண்டும்.
– வெளியூர் சர்வர். பிரகாஷுடையது அல்ல.
– வீட்டாருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

கடைசி விதி மரியாதைக்காக. பிரகாஷும் கையெழுத்துப் போட்டார். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் எந்த வீடு, எந்த நேரம் என்று போட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

முழங்கால் வலி. நேற்றும் இன்றுமாக நான்கு வீடு. நாற்காலி துடைத்து, டீ போட்டுக் காத்திருந்தார்கள். அளவு நன்றாக. மிக நன்றாக.

நான் வீட்டுக்குத் திரும்பி செருப்பைக் கழற்றும்போது ரேவதியின் பேச்சு அறுந்தது. நேற்றும் அப்படியே.

பிரகாஷ் தாளைப் பார்த்து: "உங்க அளவு சார். என்னுது இல்ல."

ரேவதி: "எனக்கு எதிரா நீங்களே சாட்சி சொல்லிட்டீங்கப்பா." சிரித்தபடிதான் சொன்னாள்.

மார்ச் 7, சனி

கடைசி வீடு, அடுத்த வீட்டு ஸ்டெல்லாம்மா. கேட்டில் கை வைத்தபோது உள்ளே அவர் குரல்: "டேய், போன கீழ வை. டிவிய ஆஃப் பண்ணு. சார் அளக்க வராரு. பக்கத்து வூட்லயும் சொல்லிட்டு வா."

உள்ளே போய்க் கேட்டேன்.

"ஆமா சார். நீங்க அளக்கற நேரம் இந்த வரிசை பூரா நிறுத்திடுவோம். பெரியவரு வேலை பாக்கறப்போ சீரியல் ஓடினா நல்லாவா கீது?"

பாக்டரியிலும் இன்ஸ்பெக்‌ஷன் நாளில் தரையைக் கழுவி வைப்பார்கள். அந்தப் பழக்கம். டிவியும் அதே நெட்டில்தான் ஓடுகிறது; எல்லாரும் நிறுத்தினால் லைன் காலி. என்மேல் வைத்த மரியாதையே அளவைக் கெடுத்திருக்கிறது. அதற்கு வழி விட்டது என் விதி.

டீ குடித்தேன். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பிரகாஷிடம் போக மனசில்லை. போனேன்.

"ரூல் போட்டது நீங்க சார். பாதியில மாத்தினா எப்டி?"

விதி தப்பு, தப்பு என்னுடையது என்றேன். நாளை யாருக்கும் சொல்லாமல் என்னோடு வந்து பாருங்கள் என்றேன்.

மார்ச் 9, திங்கள்

சொல்லாமல் கதவைத் தட்டினோம். எனக்கு வாழ்நாளில் பழக்கமில்லாத காரியம். ஒரு வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்தார்கள். தலை நிமிராமல் அளந்தேன். சீரியல், கிரிக்கெட், பிள்ளைகளின் வீடியோ, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. வேகம் பாதிக்கும் கீழே. தொலைவது ஏராளம்.

பிரகாஷ் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "கம்பத்துல ஒரே பெட்டியில ரொம்ப வூடு கோத்துட்டேன் சார்."

கடைசி விதியை அடித்துவிட்டு இருவரும் கையெழுத்து.

மார்ச் 13, வெள்ளி

புழுக்கம். காலையில் கம்பத்தில் ஏணி. எங்கள் வரிசைக்குத் தனிப் பெட்டி. இன்று ஏழு மணிக்கு ரேவதியின் ஆபீஸே சோதிக்கிறது. ரயிலா வீடா என்பது அதில்தான்.

வாங்க வேண்டியது: மாத்திரை, பேத்திக்கு ரப்பர். மறந்தேன்.

ஏழுக்குச் சற்று முன் ஸ்டெல்லாம்மா, மதிலுக்கு மேல்: "சார், பொண்ணுக்கு இன்னிக்குப் பரீட்சையாமே. எல்லாரையும் ஆஃப் பண்ணச் சொல்லட்டுமா? ஒரு நாள்தான."

சரி என்றுதான் வாயில் வந்தது. விழுங்கினேன்.

"வேணாம்மா. போட்டே வைங்க."

"நெசமாவா?"

"நெசமா. எல்லாரும்."

ஏழு. தெரு முழுக்க சீரியல் பாட்டு. ரேவதியின் கதவுக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே பேசுகிறாள். வழக்கமாக அறுபடும் நேரம் தாண்டிவிட்டது. இன்னும் பேசுகிறாள்.