கமலக்கண்ணன் சீரியஸ்

29 ஜூன் 2013

தேவிப்ரியா கோபித்துக்கொண்டு களம்பூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் ஒரு கிளி. பட்டுச் சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் கிளி வரைந்தபோது, என் மாமியார் பொன்னம்மாளின் மூக்கை அதற்கு வைத்துவிட்டேன். சும்மா ஒரு தமாஷ். விஷயம் தெரியாமல் தேவி அந்தச் சேலையை மாமியாருக்கே கொடுத்துவிட்டாள். களம்பூரே கண்டுபிடித்துவிட்டது.

"எல்லாத்துக்கும் சிரிச்சிகினே இரு. என்னிக்காவது சீரியஸானா சொல்லி அனுப்பு, வரேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

4 ஜூலை

போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். இரண்டு பேருக்கு ரசம் வைத்தேன். எதற்கு?

10 ஜூலை

தந்தியை நிறுத்தப் போகிறார்களாம், பேப்பரில் போட்டிருக்கிறது. போனை எடுக்காதவள் தந்தியை வாங்கித்தானே ஆகவேண்டும்? வேலூருக்குப் போனேன். தந்தி ஆபீசில் திருவிழாக் கூட்டம். பாதிப் பேர் ஞாபகார்த்தமாகத் தங்களுக்குத் தாங்களே தந்தி கொடுக்க வந்தவர்கள்.

"இத்தினி வருசமா ஈ ஓட்டிகினு இருந்தோம். மூடறோம்னதும் வந்து பேஜார் பண்றீங்க. ஜல்தியா, சுருக்கமா எழுதுங்க" என்றார் கிளார்க்.

எழுதினேன்: கமலக்கண்ணன் சீரியஸ், உடனே புறப்படவும்.

"பாவம். யாருங்க கமலக்கண்ணன்?"

"நான்தாங்க."

மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் என்று தெரியவில்லை.

11 ஜூலை

இப்போது தெரிகிறது.

காலையிலிருந்து கரண்ட் இல்லை, போன் செத்துக் கிடந்தது. பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வேன். மாலையோடு மாமியார், பின்னால் அரைக் களம்பூர்.

"தங்கமான மாப்ளயாச்சே — வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி" என்று ஒப்பாரி.

எலும்பும் கையுமாக எழுந்து, "வாங்கத்த" என்றேன். மாமியார் அந்த மாலையாலேயே அடித்தார்.

தந்தியைக் கொடுக்கும்போதே போஸ்ட்மேன், "தைரியமா இரும்மா" என்றாராம்.

"தந்தியில சீரியஸ்னா இன்னா அர்த்தம்னு தெரியாதா உனக்கு?" என்று தேவி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"நீதான சீரியஸானா சொல்லி அனுப்புன்ன?"

அதே சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு தமாஷும் வாயில் வரவில்லை. நீ இல்லாம என்னால முடியல தேவி — அதைத்தான் சொன்னேன். எல்லோர் முன்னாலும்.

15 ஜூலை

நேற்றோடு தந்தி நின்றுவிட்டது. காலையில் மாமியார் போன் செய்தார்.

"அடுத்த சேலையில அந்தக் கிளி மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாக்குங்க மாப்ள."

சிரிக்காமல், "சரிங்கத்த" என்றேன். அடுப்படியில் சிரித்தது தேவிதான்.