எபிரெயர் என்ற சொல்லும் நம் பிணக்கும்

அக்கா,

இன்று மதியம் சாப்பாட்டு அறையில் யாரோ இறால் விழுதில் செய்த பெலாச்சான் சம்பல் டப்பாவைத் திறந்தார்கள். கருவாடு போல மூக்கில் ஏறும் அந்த வாசனைக்கு இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். நீங்கள்தானோ என்று நான் மட்டும் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். புதிதாகச் சேர்ந்த மலேசியச் சீனப் பெண். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. ஆனாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

நீங்கள் மலேசியாவின் ஈப்போவிலிருந்து இந்த நாட்டுக்குப் படிக்க வந்து, செவன் ஹில்ஸ் புறநகரில் இந்த மசாலாத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரி ஆனவர். நான் பொதிகளுக்கு லேபிள் ஒட்டுபவள். காலையில் கண்டதும் "பசியாறியாச்சா மா?" என்பீர்கள். அது எங்கள் யாழ்ப்பாணத்தில் இல்லாத கேள்வி. முதல் நாள் பதில் தெரியாமல் சிரித்தேன்.

மலாய்ப் பள்ளியில் படித்த உங்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. உங்கள் கிறிஸ்தவ சபையின் தமிழ்க் கூட்டத்தில் மாதம் ஒருமுறை பேச வேண்டியிருந்தது. "நான் சொல்றேன், நீ எழுதிக் கொடு லா" என்றீர்கள். இப்படித்தான் சைவக்காரியான நான் மதிய இடைவேளைகளில் உங்கள் வேதப் பேச்சுகளை எழுதத் தொடங்கினேன்.

ஒருநாள் வேதத்தில் இஸ்ரவேல் மக்களுக்கு வரும் எபிரெயர் என்ற பெயரைப் பற்றிச் சொன்னீர்கள். ஏபேர் என்ற மூதாதையின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். கடந்து போவதைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. அவர்களின் மூதாதை ஆபிரகாம் ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தவர் அல்லவா. நிலமில்லாமல் அலைந்தவர்களை ஹபிரு என்று பழைய களிமண் பலகைகள் சொல்கின்றன, அதுவும் இதுவும் ஒன்றே என்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு என்றீர்கள்.

"அவங்க தங்களுக்குள்ள இஸ்ரவேல்னுதான் சொல்லிக்குவாங்க. எபிரெயர்னு பெரும்பாலும் மத்தவங்கதான் சொன்னாங்க. அந்தப் பக்கத்திலருந்து வந்த ஆளுங்கன்னு."

என் பேனா நின்றுவிட்டது. முந்திய கிழமை ஒரு கல்யாண வீட்டில், பக்கத்துக் கதிரையில் இருந்த அன்ரி, விசா இல்லாமல் படகில் வந்த அகதிகளைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அதுகள் போட்டில வந்த ஆக்கள். எங்களப் போல இல்ல." நானும் தலையாட்டினேன். படிக்க வந்தவள் என்றே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். உங்களிடமும்தான்.

"அக்கா, நானும் போட்டில வந்தனான்."

நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். "எத்தனை நாள்?"

"பதினேழு."

"குடிக்கத் தண்ணி இருந்துச்சா?"

அதற்கு முன் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. இருந்தது, கடைசி மூன்று நாள் ஒரு போத்தல் மூடி அளவு என்றேன். மணி அடித்தது. இருவரும் வேலைக்குப் போனோம்.

அந்தக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தீர்கள். நான் எழுதிக் கொடுத்ததை வாசித்து முடித்துவிட்டு, நான் எழுதாத ஒன்றைச் சொன்னீர்கள். "எனக்கு ஒரு தோழி இருக்கா. அவளும் கடந்து வந்தவதான். படகுல, பதினேழு நாள்." பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அங்கே உங்கள் தோழி என்று வந்திருந்தவள் நான் ஒருத்திதான். நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் எழுந்து வெளியே போனேன்.

மூன்று கிழமை உங்களோடு பேசவில்லை. பசியாறியாச்சா என்று கேட்டீர்கள். தலையைக் குனிந்துகொண்டு லேபிள் ஒட்டினேன். ஒரு வெள்ளிக்கிழமை என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"தப்பு பண்ணிட்டேன் மா. எபிரெயர்ங்கிற பேரை மத்தவங்க சொன்னாங்க, சரி. ஆனா நீ யாருன்னு வெளியாளு கேட்டப்ப, நான் எபிரெயன்னு அவங்களே வாய் திறந்து சொன்னாங்க. உன் வாயால வர வேண்டியதை நான் சொல்லிட்டேன்."

"நீங்கள் கேட்டிருக்கலாம் அக்கா. மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன். எண்டாலும் கேட்டிருக்கலாம்."

"ஆமா. கேட்டிருக்கணும்." உங்கள் கண் கலங்கியது. என் கோபம் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் உங்கள் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. அதன் பிறகு நான்கு மாதம்தான் இருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் நம் பிணக்குப் பற்றிய பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கை பிடித்துக்கொண்டு ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம்.

உங்கள் நினைவுக் கூட்டம், அன்று நீங்கள் பேசிய அதே சபை மண்டபத்தில் நடந்தது. யாராவது பேச விரும்பினால் வரலாம் என்று போதகர் சொன்னார். நான் எழுந்தேன். எழுதிக்கொண்டு போகவில்லை.

"நான் போட்டில வந்தனான்," என்றேன். "கடலில பதினேழு நாள். இங்க வந்த பிறகு அதை நான் முதல் முதல் சொன்னது இந்த அக்காவிட்டத்தான். குடிக்கத் தண்ணி இருந்ததோ எண்டு கேட்டவ."

பிறகு தேநீர் கொடுத்தார்கள். ஒரு அன்ரி என் கோப்பைக்கு எத்தனை சீனி என்று கேட்டார். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருடம் பயந்தது இதற்கா என்று நினைத்தேன்.

இப்போது கல்யாண வீடுகளில், என்ன விசாவில் வந்தனீங்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன். சொல்லும்போது குரல் இன்னும் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது அக்கா. ஆனால் சொல்லிவிடுகிறேன்.