ஹமாதியின் ஷிப்டில் மட்டும்

மார்ச் 4

இன்றும் ஒரு தகடு வெடித்தது. கண்ணாடித் தகட்டை இரு முனையிலும் பிடித்துத் தூக்கும் இயந்திரக் கைகள் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நகர வேண்டியவை. ஒன்று இமைப்பொழுது பின்தங்கினாலும் தகடு முறுக்கி நொறுங்கிவிடும். அந்தக் கடிகாரம் என் பொறுப்பு. நான் பார்க்கும்போதெல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பின் ஏன்?

சில்லு ஹமாதியின் கன்னத்தைக் கிழித்தது. அந்த இயந்திரக் கைகளை இயக்குபவர் அவர்தான். தையல் போட்டுக்கொண்டு நேரே வேலைக்கு வந்து நின்றார்.

மார்ச் 7

மேலாளர் ஷெத்லி கூப்பிட்டார். உடைவதெல்லாம் ஹமாதியின் ஷிப்டில் மட்டுமாம். ஹமாதி தொழிற்சங்கத்தில் பேசுகிறவர். வேண்டுமென்றே உடைக்கிறார் என்கிறார் ஷெத்லி. தொழிலாளர்களைக் கவனிக்கத் தூணில் கேமராகூட மாட்டியிருக்கிறார்.

"நீங்க மெஷினைப் பாருங்க சிஹெம். மனுஷனை நான் பாத்துக்கறேன்."

மார்ச் 13

நோன்பு. தலைவலி. கைகளுக்குப் போகும் கம்பிகளை எல்லாம் சோதித்தேன். ஒன்றுமில்லை.

மார்ச் 18

ஹமாதியை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். வாசலில் என்னை நிறுத்தினார்.

"நீயும் அப்படித்தான் நினைக்கிறியா, தங்கச்சி?"

"பாக்கறேன்ணே" என்றேன். என்னத்தைப் பாக்கறது?

மார்ச் 27

அவர் போனபின் ஒரு தகடும் உடையவில்லை. ஷெத்லி என்னைப் பார்த்துப் புன்னகைக்கிறார். அப்போ அவர்தானா? ச்சே, இல்லை — தெரியலையே. தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 3

தலைநகர் துனிஸிலிருந்து இயக்குநர் வந்திருந்தார். ஷெத்லி தன் அறையில் கேமராவைப் போட்டுக் காட்டினார். ஹமாதி போனதும் அணைத்து வைத்துவிட்டாராம், இனி யாரைப் பார்ப்பது என்று சிரித்தார். படம் வந்ததுமே அந்தத் திரையில் தகடு வெடித்தது. கைகளின் அருகே ஒருவருமில்லை.

ஓடினேன். கேமராவுக்குள்ளும் ஒரு கடிகாரம் இருக்கிறது! என்னிடம் கேட்காமலே கைகளின் நெட்வொர்க்கில் அதை இணைத்திருக்கிறார்கள். போட்டதும் அது தானே தலைமைக் கடிகாரம் என்கிறது. ஒரு கை உடனே நம்புகிறது. மற்றது சற்றுப் பொறுத்துத்தான் நம்புகிறது. அந்த இடைவெளியில்தான் தகடு போகிறது. நான் வருவதற்குள் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஹமாதி வேலையில் இருந்தால்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். அவரைச் சந்தேகப்பட்டதால்தான் உடைந்திருக்கிறது.

ஏப்ரல் 4

இயக்குநர் முன் கேமராவைப் போட்டு, இன்னொரு தகட்டை உடைத்துக் காட்டினேன். மற்ற ஷிப்டுகளில் ஏன் போடவில்லை என்று கேட்டார். "தேவைப்படலை" என்றார் ஷெத்லி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கேமராவின் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். ஹமாதியைத் திரும்பக் கூப்பிட உத்தரவு.

ஏப்ரல் 11

பெருநாளுக்கு மறுநாள். ஹமாதியின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி லதீஃபா பெருநாள் வழக்கப்படி உப்பு மீனும், உலர்திராட்சையும் வெங்காயமும் போட்ட குழம்பும் வைத்தார். எல்லாவற்றையும் விளக்கினேன். ஹமாதி ரொட்டியைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி ஏன் உடைஞ்சுதுன்னு கண்டுபிடிச்சிட்ட. என்னை மட்டும் ஏன் பாத்துக்கிட்டிருந்தாங்கன்னு யாராவது கேட்டாங்களா?"

மீனில் முள் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 15

ஹமாதி வந்தார். கைகள் ஒன்றாகத் தூக்கின. அவர் தூணிலிருந்த கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

மே 6

கேமராவைத் திரும்பப் போட அதற்குத் தனி நெட்வொர்க் இழுத்தாயிற்றா என்று ஷெத்லி இன்றும் கேட்டார். கம்பி வரவில்லை என்றேன். வந்து இரண்டு வாரமாகிறது. என் இழுப்பறையில் இருக்கிறது.