கொலு முடியட்டும் என்றாய்

என் தங்கமே மல்லிகா,

வருஷம் திரும்பிவிட்டது. உன் திதியும் கொடுத்தாயிற்று. இந்த நவராத்திரிக்கு, இந்தத் தீவில் நம் ஆயர் ஈத்தாம் வீட்டில் கொலு இல்லை. துக்க வருஷத்தில் வைக்கக்கூடாதாம். ஒன்பது நாளும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழ்மாடி அக்கா கோயில் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

போன வருஷம் இதே கூடத்தில் எவ்வளவு கூட்டம்! ஏழு படி. மூன்றாம் படி முழுக்க மைசூர் தசரா ஊர்வலம்: அம்பாரியில் மகாராஜா, முன்னால் குதிரைகள், குடை பிடித்த சேவகர்கள். பக்கத்தில் நீ இரண்டு மாதமாய் அட்டை வெட்டி ஒட்டிய தஞ்சாவூர்க் கோபுரம். பல்குத்தும் குச்சியால் துவாரபாலகர்களுக்குக் கண் எழுதினாயே, மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு! "தஞ்சாவூருக்கே போன மாதிரி இருக்கு லா, மல்லிகாக்கா" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். ஓர் அட்டையைக்கூட ஒட்டித் தராத நான் வாசலில் நின்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாய்.

"ஏங்க, நெஞ்சுல என்னமோ அடைக்குது. கையெல்லாம் இழுக்குது."

"கிளினிக் போவோமா?"

"போனா, ஆஸ்பத்திரில படுன்னுடுவாங்க. அப்புறம் விளக்கு யாரு ஏத்தறது? ஆரத்தி யாரு எடுக்கறது? வச்ச கொலுவ நடுவுல விடக்கூடாதுங்க. முடியட்டும், போவோம்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கிளம்பு என்று சொல்ல வேண்டியவன் நான். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? விளக்கேற்ற எனக்குக் கை இல்லையா? ஆரத்தி எடுப்பது பெண்கள் வேலை என்று இருந்துவிட்டேன். அது மட்டுமில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எட்டாம் நாள் என்னோடு துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் குடும்பத்தோடு கொலு பார்க்க வருவதாக இருந்தார்கள். அன்றைக்கு வீடு இருட்டாகக் கிடந்தால் எனக்கு மரியாதை என்ன ஆவது? "சரி, உன் இஷ்டம்" என்றேன். பாவி.

நாலு நாள் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தவர்களுக்குத் தாம்பூலம் கொடுத்தாய். வலி குறைஞ்சுதா என்று கேட்டால், "வாயுதாங்க" என்றாய். நானும் தைலம் தேய்த்துவிட்டேன். பத்தாம் நாள், கொலு முடிந்தது என்பதற்காக ராஜா பொம்மையைப் படுக்கவைத்தாய். மறுநாள் காலை கிளினிக்குக்குக் கிளம்பப் புடவை மாற்ற உள்ளே போனாய். கூப்பிட்டேன், பதில் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் "திடீர்னு வந்துடுச்சு" என்றேன். நம் மகள் கவிதாவிடமும் அதையேதான் சொன்னேன். "கொலுவை முடிச்சிட்டுப் போயிருக்காங்க, புண்ணியவதி" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டத்தை இன்னும் நிறுத்த முடியவில்லை, மல்லிகா. படுத்தாலும் ஆடுகிறது.

திதிக்குக் கவிதா பாலத்துக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் பொம்மைப் பெட்டியை இறக்கினாள்.

"அடுத்த வருஷம் நான் வைக்கிறேன்பா. அம்மா மாதிரியே, என்ன ஆனாலும் ஒரு நாள் விடாம."

என்ன ஆனாலும் என்றாளே, அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கையில் ஒரு குதிரை இருந்தது. பெட்டியில் வைத்தாள்.

"நாலு நாளாப்பா?"

"ஆமா."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே. கெரெத்தாவ ஓட்டிக்கிட்டுக் கிளம்பினா பாலம் தாண்டி ஒரு மணி நேரம்தானே. நான் வந்து வெளக்கேத்தியிருப்பேனே."

எனக்கு அது தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. அவள் அழவில்லை, கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மூன்று வாரம் ஆகிறது. நான் அழைத்தால் எடுப்பதில்லை. பெட்டி திறந்தபடியே கூடத்தில் கிடக்கிறது.

நான் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லாமல் இருந்திருந்தால் அவளாவது எனக்கு மிஞ்சியிருப்பாளா? யாரைக் கேட்பது? எதையும் உன்னைக் கேட்டே பழகியவன்.

வருஷ நினைவுக்குப் பத்திரிகையில் உன் படம் போட்டு, "திடீரென இறைவனடி சேர்ந்த" என்று பத்திரிகைக்காரர்கள் எழுதித் தந்தார்கள். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று இதை எழுதினேன். நம் வாசலுக்கு வந்து தாம்பூலம் வாங்கிய எல்லோரும் படிக்கட்டும். மன்னித்துவிடு என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ மன்னித்துவிடுவாய், அது உன் குணம். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன்: இனி எவர் உன்னைப் புண்ணியவதி என்றாலும் தலையாட்ட மாட்டேன். அவளுக்கு நாலு நாள் வலித்தது, பக்கத்தில் நான் இருந்தேன் என்று சொல்வேன்.

உன் வீட்டுக்காரன்,
முத்தையா