வேர்நுனிக்கு ஐந்து நிமிடம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் நலத்தை நீயே எழுதி நாங்கள் படித்து எட்டு மாதம் ஆகிறது. போன் செய்தால் வகுப்பெடுக்க நேரமாச்சுப்பா என்று வைத்துவிடுகிறாய், குறையாகச் சொல்லவில்லை, வேலை அப்படி.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நீயும் உன் தோழிகளும் எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்ட முதலாண்டு உயிரியல் செய்முறைக் கையேட்டைத்தான் இந்த வருஷம் எங்கள் கல்லூரி ஆய்வகத்திலும் அச்செடுத்துக் கொடுக்கிறோம். கடையில் விற்ற புத்தகத்தைப் பாதிப் பேர் வாங்கவே மாட்டார்கள், நாலு பேர் ஒரு புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள், இப்போது ஆளுக்கொன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் பிழை கண்டால் எழுதுங்கள் என்று ஓர் இணையப் படிவம் இருந்தது. வேர்விட வைக்கும் வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும் என்பதை நீங்கள் விட்டிருந்தீர்கள், முழுக்க முங்கினால் அழுகிப்போகும் என்று எழுதி, ஆய்வக உதவியாளர் என்று மட்டும் போட்டு அனுப்பினேன். அன்றைக்கே பதில் வந்தது, மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து முழுசாக ஆறு வரி. எத்தனை தடவை படித்தேனோ. அடுத்து ஒரு படத்தில் பெயர்கள் இடம் மாறியிருந்ததைச் சொன்னேன், அதற்கும் உடனே பதில். அப்புறம் தேடித் தேடிப் பார்த்தும் பிழை அகப்படவில்லை, அவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருக்கிறாய். உன் பதிலுக்கு ஏங்கிப்போய், வேர்நுனியை அமிலத்தில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் போதாது, எங்கள் அனுபவத்தில் பதினைந்து வேண்டும் என்று வாய்கூசாமல் எழுதிவிட்டேன். உங்கள் கைப்பழக்கம் எங்களுக்கு இல்லை ஐயா என்று நீயும் மாற்றிவிட்டாய்.

செவ்வாய்க்கிழமை எங்கள் மாணவர்கள் புதுப் பிரதியை வைத்துச் செய்தார்கள். அத்தனை பேர் வேரும் கூழாகிவிட்டது, நுண்ணோக்கியில் ஒரு செல்லும் உருப்படியாகத் தெரியவில்லை. கவனமில்லை என்று பேராசிரியர் திட்டினார். ஒரு பெண் நாலு முறை செய்து பார்த்துவிட்டு, என் கைதான் சரியில்லையாண்ணே என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. பேராசிரியரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன், வெள்ளிக்கிழமை மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார். அம்மாவோ, பெத்த பொண்ணுக்கே மொட்டைக் கடுதாசி போட்ட மனுஷன் நீங்க ஒருத்தர்தான் என்று சிரித்தாள், அப்புறம் அந்தப் பதில்களை வாங்கி அவளும் படித்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பதினைந்தை இன்றைக்கே ஐந்து என்று மாற்றிவிடு, வேறு எத்தனை கல்லூரிகளில் எடுத்திருக்கிறார்களோ, கெடுவது உன் பெயர். கோபம் இருந்தால் கோபத்தையே எழுது, வாங்கிக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. நீ நீடூழி வாழ வேண்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூட வேண்டும். அந்தப் படிவத்தில் இனி நான் எழுத மாட்டேன். பிழை ஒன்றும் இல்லாத நாளிலும் எங்களுக்கு ஒரு வரி எழுதம்மா.

இப்படிக்கு,
அந்த ஐயா இல்லை, உன் அப்பா