விட்டமின் டப்பா

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் ஏழு பக்கக் கடிதம் வந்து சேர்ந்தது. ஏழு பக்கம் திட்டுவதற்கு உடம்பில் தெம்பு இருக்கிறதென்றால் நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் இருக்கிறோம். மழையில் கடைச் சுவர் ஊறிப்போய், ஃபோட்டோ சட்டத்துக்கு வைத்திருக்கும் கட்டைகளெல்லாம் பூசணம் பிடிக்கப் பார்க்கின்றன. மற்றபடி வேலை நடக்கிறது.

உன் அண்ணன் வாயைத் திறந்ததால் உன் கல்யாணம் நின்றுபோனது, அதனால் இந்த மாதக் கடைசிக்குள் நான் அவனை ஓர் இல்லத்தில் தள்ளிவிட வேண்டும். உன் கடிதத்தின் சாரம் இவ்வளவுதானே? அன்றைக்கு நடந்தது உனக்கே முழுசாகத் தெரியாது. பாதி நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். நான் சொல்கிறேன், கேள்.

பெண் வீட்டார் நம் வீட்டைப் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்பு நீ ஃபோனில் போட்ட உத்தரவுகளை மறந்திருக்க மாட்டாய். "அண்ணனை யாருன்னு கேட்டா, கடையில கண்ணாடி வெட்டற ஆளுன்னு சொல்லிடுக்கா. மருந்துச் சீட்டு, மாத்திரை எதுவும் கண்ணுல படக்கூடாது" என்றாய். நானும் மண்டையை ஆட்டினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. சீட்டை பீரோவில் துணிக்கடியில் செருகினேன். மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, காலி விட்டமின் டப்பா ஒன்றில் கொட்டி அலமாரியில் வைத்தேன். பதினோரு வருடமாக மறைத்து மறைத்துக் கை பழகிவிட்டது. அவனிடம் சொல்லி வைத்தேன். உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

நீ காலையில் வந்து இறங்கினாய். பெண் பார்க்கும்போது முகம் வாடித் தெரியக்கூடாது என்று அந்த டப்பாவிலிருந்து இரண்டை எடுத்து விழுங்கினாய். மத்தியானம் இன்னும் இரண்டு. ஒரு வார்த்தை யாரையும் கேட்கவில்லை. இந்த வீட்டில் நீ எதைத்தான் கேட்டுச் செய்திருக்கிறாய்?

நாலு மணிக்கு அப்பா, அம்மா, பெண் என்று மூன்று பேரும் வந்தார்கள். உன் அண்ணன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடி வெட்டும் மேசையோரம் நின்று, என்னை "முதலாளியம்மா" என்று கூப்பிட்டான். ஒரு தடவைகூட வாய் தவறி அக்கா என்று சொல்லவில்லை. பெண்ணின் அப்பா அவனைப் பார்த்துவிட்டு, "ஆளு அடக்கமா இருக்காரே, எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டார். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த பத்து நிமிடத்தில் உன் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. வாய் கோணி, நாக்குத் தடித்து, கண்கள் மேலே செருகிக்கொண்டன. பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை குடிச்சிருக்காரா?" என்று என்னைப் பார்த்தார். நான் மரம் மாதிரி நின்றேன். உன் அண்ணன்தான் ஓடிவந்து உன் தலையை மடியில் தாங்கினான். நீ அலமாரிப் பக்கம் கையைக் காட்டிக் குழற, என்னை டப்பாவை எடுத்து வரச்சொல்லி மாத்திரைகளை எண்ணிப் பார்த்தான். பிறகு அந்த மனிதரிடம், "நான் கடை ஆளு இல்லைங்க, இவனோட அண்ணன். எனக்கு மனச்சிதைவு நோய். பதினோரு வருஷமா மருந்து சாப்பிடறேன். இவன் தெரியாம அதை முழுங்கிட்டான். உங்க வண்டியைக் கொஞ்சம் எடுங்க" என்றான்.

அவன் வாயைத் திறந்த கதை இதுதான். ஆஸ்பத்திரியில் மாத்திரையின் பெயரையும் அளவையும் அவன் கடகடவென்று சொன்னதால்தான் டாக்டர் தடுமாறாமல் ஊசி போட்டார். அரை மணியில் எழுந்து உட்கார்ந்தாய். உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவனை வெளியே போகச் சொன்னாய்.

பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தாயா? மருந்து ஆரம்பித்த முதல் வாரம் அவனுக்கும் இதே மாதிரி திருகிக்கொண்டது. நடிக்கிறான் என்று இரண்டு நாள் விட்டுவிட்டோம். அப்போது உனக்குப் பதினாறு வயது. தெருமுனையில் உன் சிநேகிதர்களுக்கு அந்தக் கழுத்தைச் செய்து காட்டிச் சிரிக்க வைத்தாய். அவன் ஜன்னலில் நின்று பார்த்தான். உன்னை அன்றைக்கே இழுத்து வைத்து அறையாதது என் தப்பு.

பெண் வீட்டார் கௌரவமானவர்கள், பயந்து ஓடிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்பா ஓடினார், உண்மைதான். "இதெல்லாம் ரத்தத்துல வர்றது" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனார். பெண்ணின் அம்மா பின்தங்கி நின்று, உன் அண்ணன் எந்த டாக்டரைப் பார்க்கிறான் என்று என்னிடம் கேட்டாள். பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி, பர்சின் உள்ளறையில் மடித்து வைத்துக்கொண்டாள். யாருக்கென்று நான் கேட்கவில்லை. நீயும் எங்கேயும் போய் உளறாதே.

உன் அண்ணன் மகான் ஒன்றும் இல்லை. குளிக்கச் சொல்லி வாரத்துக்கு ஒரு சண்டை. போன வருடம் காதில் குரல்கள் அதிகமாகி ஆறு கண்ணாடிகளைப் போட்டு உடைத்தான். எதிர்க்கடைத் தையல்காரர் இன்னமும் வருகிறவர்களை நிறுத்தி, "அங்க பைத்தியத்து கையில கண்ணாடி இருக்கு" என்று ஓதுகிறார். அவர் கையில் கத்தரி இருப்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. என்னைப் பார்த்துப் போன இரண்டு மாப்பிள்ளைகளும் இவனைப் பார்த்த பிறகு திரும்பவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு, அவனை வெறுத்துக்கொண்டே சோறு போட்ட நாட்கள் எனக்கு நிறைய உண்டு. ஆனால் அவனை யாரோ என்று சொன்னதில்லை, நீ சொல்லச் சொன்ன அந்த ஒரு நாளைத் தவிர.

இப்போது நீ கடிதத்தோடு வைத்து அனுப்பிய இல்லத்துப் படிவத்துக்கு வருகிறேன். கடைத் தபாலைப் பிரிப்பது அவன் வேலை. அதுகூட உனக்கு நினைவில்லை. நான் வருவதற்குள் ஏழு பக்கத்தையும் படித்து முடித்துவிட்டான். 'கவனிக்கும் உறவினர்' என்ற இடத்தில் நீ 'யாரும் இல்லை' என்று எழுதி வைத்திருந்ததையும் பார்த்துவிட்டான். சாயங்காலம் வரைக்கும் கண்ணாடி துடைத்தான். பிறகு என்னிடம் வந்து, "நான் போயிட்டா அவங்க திரும்பி வருவாங்களாக்கா?" என்று கேட்டான். வர மாட்டார்கள் என்றேன். "வேற இடமாவது அமையும் இல்ல?" என்றான்.

படிவத்தை வாங்கிப் பார்த்தேன். 'நோயாளியின் சம்மதம்' என்ற கோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

அதற்குக் கீழே, 'சேர்ப்பவர்' என்று எனக்கு ஒரு கோடு இருக்கிறது. அதில் நான் போட மாட்டேன், இந்த மாதமும் போட மாட்டேன், எந்த மாதமும் போட மாட்டேன். படிவத்தைக் கிழிக்கத்தான் கை வந்தது. கிழிக்காமல் உனக்கே அனுப்புகிறேன். அவன் கையெழுத்தை நீ உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உனக்கு நல்ல இடம் அமைய வேண்டுமென்று அவன் தினமும் வேண்டிக்கொள்கிறான். நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவனுக்கு ஒரு வரி எழுது. உறையின் மேல் 'அண்ணனுக்கு' என்று போட்டு அனுப்பு, பிரிப்பவன் அவன்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அக்கா