கரிக் கொட்டகையின் பெருமை

கொல்லன் வீடு, ஆக்கன்லோ
நவம்பர், ஞாயிறு

அன்பு மகள் எல்ஸ்பெத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பாவின் முழங்காலையும் என் புத்தியையும் விட்டுவிட்டால் இங்கே எல்லாம் நலம். நியூசிலாந்தில் இப்போது வெயில் தொடங்கியிருக்கும், நீயும் மருமகனும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். முழங்காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், புத்தியைப் பற்றி நீயே முடிவுசெய்துகொள். அப்பாவால் மாடி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம், குளியலறையை இறக்க முடியாதே. அடுப்பங்கரையில் தகரத் தொட்டியை வைத்துக் குளிக்கிறார், தபால்காரர் ஜன்னல் வழியாக வணக்கம் சொல்கிறார், இவரும் சோப்புக் கையைத் தூக்கிக் காட்டுகிறார். கீழே ஒரு குளியலறை கட்டாவிட்டால் டவுனில் உள்ள முதியோர் இல்லத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று இரவு அப்பா சிரிக்கவில்லை. பின்பக்கத்துக் கரிக் கொட்டகையை இடித்தால் இடம் போதும், கொத்தனாரும் தயார். ஆனால் இடிக்க முடியாது. காரணம் வேறு யாருமில்லை, நான்தான்.

நம் ஊரில் தேவாலயம், பழைய பாலம், புறாக் கோபுரம், பக்கத்து வீட்டு எஃபி லம்ஸ்டனின் குடிசை எல்லாம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்க, ஒரு காலத்தில் கொல்லுப்பட்டறையாக இருந்த நம் வீடு மட்டும் இல்லையே என்று போன வருடம் எனக்கு ஒரே பொறாமை. பட்டியலை வைத்திருக்கும் எடின்பரோ அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதினேன். பட்டறையோடு நிறுத்தியிருக்கலாம், கை நிற்கவில்லை. கரிக் கொட்டகையையும் விடாமல் ‘ஊர்ப்புறத் தொழில் வாழ்வின் அரிய எச்சம்’ என்று எழுதிவைத்தேன். அவர்களும் வீட்டைப் பட்டியலில் சேர்க்கும்போது என் வாக்கியத்தை அப்படியே போட்டுவிட்டார்கள். பூரித்துப்போய் அப்பாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். இப்போது அவர் தகரத் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு, “அரிய எச்சம்னு எழுதினியே அம்மணி, அது கொட்டகையா, நானா?” என்று கேட்கிறார்.

பட்டியலில் ஏறியதை இடிக்க வேண்டுமானால் கவுன்சிலிடம் தனி அனுமதி கேட்க வேண்டும், பக்கத்து வீட்டார் ஆட்சேபணை சொல்லலாம். பக்கத்து வீடு எஃபி. குளிர் புகாமல் இருக்க அவள் ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போடப் போனபோது, ஊர்க் கூட்டத்தில் எழுந்து அந்தப் பழைய கண்ணாடியின் அழகைப் பற்றி நான் ஆற்றிய உரையை நீ மறந்திருக்க மாட்டாய், உனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். அவள் கேட்டது கிடைக்காமல் போனது. அதனால் ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவள் கதவைத் தட்டினேன். “வா இஷ்பெல், கோட்டைக் கழட்டாதே, அப்புறம் நீயே கேட்டு வாங்கிப் போட்டுக்குவே” என்று சொல்லி ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது, திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. தேநீர் உதட்டுக்கு வருவதற்குள் ஆறிப்போனது, என் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எஃபி ஸ்கோனைத் தின்றபடி, “கண்ணாடி எவ்வளவு அழகா அலையடிக்குது பாரு. அன்னைக்குக் கூட்டத்துல நீ பேசினப்ப எனக்கே அழுகை வந்துச்சு” என்றாள். பிறகு, “உன் வீட்டுக்காரர் ஃபெர்கஸ் பாவம், அவர் மேல எனக்கு என்ன கோவம்? கொட்டகையைத் தாராளமா இடிங்க. ஆனா என் ஜன்னல்...” என்று இழுத்தாள், முடிப்பதற்குள் நான் கவுன்சிலுக்கு ஆதரித்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் ஜன்னலுக்காகவா, என் மூக்குக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. “எழுதுடி, எதிர்த்துப் பேசின நீயே எழுது. ஆனா சுருக்கமா எழுது. நீ நீட்டினா அப்புறம் இந்த ஊர்ல யாரும் ஒரு ஆணி அடிக்க முடியாது” என்றாள். நான்கே வரி எழுதினேன், எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று உனக்குத் தெரியும்.

போன வாரம் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்து பார்த்தாள். அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றார், நான் வாய் திறக்கவில்லை. நேற்று இரண்டு வீட்டுக்கும் அனுமதி வந்துவிட்டது. எஃபிக்கு மரச்சட்டத்தில் மெல்லிய இரட்டைக் கண்ணாடி. நாம் கொட்டகையை இடிக்கலாம், ஆனால் அதன் உட்பக்கம் வீட்டுச் சுவரில் இருக்கும் குதிரை கட்டும் இரும்பு வளையத்தை மட்டும் எடுக்கக் கூடாது. அது சரியாகப் புதிதாக வரப்போகும் குளியல் தொட்டிக்கு மேலே வருகிறது. அப்பா தட்டுத்தடுமாறிப் போய் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். “குதிரை இழுத்தே வரல, நான் இழுத்தா வரப்போகுது. எந்திரிக்கப் பிடிமானம் கிடைச்சிடுச்சு. இத்தனை வருஷம் கழிச்சு என்னைக் கட்டிப்போட உங்கம்மாவுக்கும் ஒரு வளையம் கிடைச்சிடுச்சுன்னு பிள்ளைக்கு எழுது” என்றார். எழுதிவிட்டேன். முதியோர் இல்லப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை, டாக்டரையும் எடுக்க விடமாட்டேன்.

கடவுள் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், குழந்தைக்கு எங்கள் இருவரின் முத்தங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வை. எங்கள் ஊர்க் கோடையில் நீங்கள் இங்கே வரும்போது, வீட்டில் எதையும் அழகாக இருக்கிறது என்று என் காதில் விழும்படி சொல்லிவிடாதே. நான் எழுதிவிடுவேன்.

என்றும் உன் அன்பு அம்மா,
இஷ்பெல்